ஐந்நூறு மீட்டர்

இர்க்கூத்ஸ்க்
25 ஏப்ரல் 1988

பெறுநர்: கால்நடை மருத்துவ உதவியாளர், கமென்னி கிராமம், பைக்கால் ஏரி கிழக்குக்கரை.

மதிப்பிற்குரிய கபிதோலினா அவர்களுக்கு,

கமென்னி விரிகுடாவின் பனிப்பரப்பில் நெர்ப்பா சீல்கள் நோயுற்று மடிவதாகத் தங்கள் கூட்டுப்பண்ணைத் தலைவர் அனுப்பிய தந்தி எங்கள் ஆய்வு நிலையத்துக்குக் கிடைத்தது. நோயின் காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பனி இளகத் தொடங்கிவிட்டதால் ஊர்தி மூலம் அங்கு வருவதற்கு வழியில்லை. ஆகவே மாதிரிகளைத் தாங்களே எடுத்துத் தபால் விமானத்தில் அனுப்ப வேண்டும்.

இறந்து ஆறு மணி நேரத்துக்கு மேலாகாத ஆறு விலங்குகளைத் தேர்ந்தெடுக்கவும். ஒவ்வொன்றிலும் மூளை, நுரையீரல், மண்ணீரல் ஆகியவற்றில் கட்டைவிரல் அளவுத் துண்டு. ஒரு பாதி குப்பியில், ஃபார்மலினில். மறு பாதி துணியில் சுற்றிப் பனிக்கட்டியில். ஒவ்வொரு குப்பியிலும் தேதி, நேரம், பால், எடை. கையுறையின்றித் தொடக் கூடாது. முடிவு தெரியும்வரை ஊரில் எவரும் நெர்ப்பா இறைச்சி உண்ணக் கூடாது.

இதுவரை எழுதியது நிலையத்தின் சார்பில். இனி எழுதுவது என் சார்பில்.

கபா, மூன்று ஆண்டுகளாக நான் எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. உன் கணவரின் வேட்டைக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பதினொரு நெர்ப்பாக்களைச் சுட்டிருந்தது. எண்ணியவன் நான். என் முன்னால் இருந்த படிவத்தில் உறவினர் என்று ஒரு கட்டம் இருக்கவில்லை. எர்மொலாயின் துப்பாக்கி உரிமம் பறிபோனதற்கு வருந்துகிறேன், எண்ணியதற்கு வருந்தவில்லை. இவ்விரண்டையும் நீ பிரித்துப் பார்க்க வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் எழுதினேன்.

குப்பிகள் இத்துடன் வருகின்றன. பதினெட்டு.

இன்னொகெந்தி


கமென்னி
5 மே 1988

அண்ணா,

உறையை இவரிடம் காட்டினேன். "மதிப்பிற்குரிய கபிதோலினா அவர்களா? அப்படி யாரும் நம்ம வீட்டுல இல்லியே. தபால்காரன் தப்பாக் குடுத்துட்டானோ என்னவோ" என்றார். பிறகு குப்பிகளை எண்ணிப் பார்த்து, "பதினெட்டு. மச்சான் எண்ணுனா சரியாத்தான் இருக்கும்" என்றார். உங்கள் கடிதத்துக்கு இந்த வீட்டில் கிடைத்த வரவேற்பு இவ்வளவுதான்.

பதில் எழுதுவது உங்களுக்காக அல்ல. தலைவர் வந்து நின்றுவிட்டார். "நோய்க்குக் காரணம் இந்த ஊருதான்னு எவனாவது ஒருத்தன் எழுதிட்டா, வேட்டைக் குழுவைக் கலைச்சிடுவாங்க, கபா. அப்புறம் பத்தொன்பது குடும்பமும் மூட்டை கட்டிட்டு மரம் அறுக்கப் போக வேண்டியதுதான். உங்கண்ணன் என்ன கேட்டாலும் குடுத்திரு" என்றார். ஆகவே கொடுக்கிறேன்.

காலை பத்து மணிக்கு நானும் இவரும் பனியில் இறங்கினோம். வழக்கம்போல் சறுக்குவண்டியில் வெள்ளைத் துணித் தட்டியைக் கட்டி, அதன் பின்னால் வயிற்றால் ஊர்ந்து போகத் தொடங்கினார். பாதி வழியில் நின்றார். எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு நேராக நடந்தார். நெர்ப்பா நகரவில்லை. கிட்டே போய்க் குனிந்தார், அப்போதும் நகரவில்லை. கண்களில் சீழ் கட்டி இமை ஒட்டியிருந்தது. மூக்கில் நுரை. பின்துடுப்புகள் இரண்டும் செத்துக் கிடக்க, தலைமட்டும் விட்டுவிட்டு உதறிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷமா இதுங்ககிட்ட ஊர்ந்துதான் போயிருக்கேன். நின்னுக்கிட்டுப் போய்த் தொட்டது இன்னிக்குத்தான்" என்றார். வீட்டுக்கு வந்து மூன்று முறை கை கழுவினார்.

நாங்கள் இருந்த இடத்திலிருந்து கண்ணுக்கெட்டிய மட்டும் செத்தும் சாகக் கிடந்தும் எழுபத்தாறு. குட்டிகளைச் சேர்க்காமல். உக்ரைன் பக்கத்து அணுத் தூசு காற்றில் வந்து ஏரியில் இறங்கிவிட்டது என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். அதுவா?

கையுறை போட்டுக்கொண்டேன். ஆறு மணி நேரக் கணக்கு எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாகும்வரை காத்திருந்தேன். அதைவிடச் சரியான கணக்கு என்னிடம் இல்லை.

கபா


இர்க்கூத்ஸ்க்
16 மே 1988

கபா,

மாதிரிகள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. குறிப்புகளில் ஒரு பிழையும் இல்லை. நன்றி.

கதிர்வீச்சு அல்ல, மூன்று முறை அளந்தோம். நச்சுப் பொருளும் இல்லை. ஆறு விலங்குகளின் மூளையிலும் நுரையீரலிலும் ஒரே வைரஸ் காணப்படுகிறது. நாய்க் கொள்ளைநோயிலிருந்து மீண்ட நாயின் ரத்தநீரைச் சேர்த்தபோது அந்த வைரஸ் செயலிழந்தது. அதாவது, நெர்ப்பாக்களைக் கொல்வது நாய்க் கொள்ளைநோய். இந்த ஏரியின் நெர்ப்பாக்களுக்கு அதை எதிர்த்து நிற்கும் சக்தி எள்ளளவும் இல்லை. இம்முடிவு உங்கள் விரிகுடாவுக்கு மட்டுமே பொருந்தும். மற்றக் கரைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

நாய்களிடமிருந்து அது எப்படிப் பனிக்குப் போனது என்பதுதான் இப்போதைய வினா. கீழ்க்கண்டவற்றுக்கு எண் வரிசைப்படி பதில் வேண்டும்.

ஒன்று: கடந்த குளிர்காலத்தில் கமென்னியில் நாய்கள் நோயுற்றனவா? எப்போது?
இரண்டு: எத்தனை இறந்தன?
மூன்று: உடல்கள் எங்கே, எவ்வாறு அகற்றப்பட்டன?
நான்கு: அகற்றியவர் யார்?

நான்காம் வினாவைக் கேட்பதற்கு நான் கடமைப்பட்டவன். அறிக்கையில் பொறுப்பு என்று தனிப் பகுதி உண்டு. விதியை மீறியவர் பெயர் அதில் இடம்பெறும், வழக்கும் தொடரப்படலாம். பதிலை எர்மொலாய் சொல்லச் சொல்ல எழுதாதே, நீயே எழுது. சென்ற முறையும் அவர் எண்ணிக்கையைக் குறைத்தே சொன்னார்.

இன்னொகெந்தி


கமென்னி
24 மே 1988

அண்ணா,

எண் வரிசைப்படி எழுதுகிறேன்.

ஒன்று. ஆம். ஜனவரி கடைசி வாரம் தொடங்கியது. முதலில் குட்டிகள், பிறகு வண்டி இழுப்பவை. பிப்ரவரி முடிவதற்குள் ஓய்ந்தது.

இரண்டு. ஊரில் இருந்தவை ஐம்பது. இறந்தவை நாற்பத்து மூன்று. இவருடைய செர்கா முப்பத்தொன்பதாவது.

மூன்று. மாகாணம் முழுமைக்கும் அனுப்பப்பட்ட சுற்றறிக்கை எண் 18, பிப்ரவரி 8 அன்று எனக்கு வந்தது. அதன்படியே அகற்றினோம். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்தைப் பாருங்கள்.

அன்று நடந்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். தபால் வருவதற்கு இரண்டு நாள் முன்பே மலையடிவாரத்தில் குழி தோண்டிப் பார்த்தோம். ஒரு சாண் இறங்குவதற்குள் கடப்பாரை இரண்டாக உடைந்தது. பிறகு சுற்றறிக்கை வந்தது. எல்லோரையும் கூட்டி வைத்து நான் வாசித்தேன்.

"ஒரு கமாகூட விடாமப் படி" என்றார் இவர்.

நான்காம் விதியைப் படித்தேன். உடல்கள் குடியிருப்பு, மேய்ச்சல் நிலம், கிணறு, ஆறு ஆகியவற்றிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வைக்கப்பட வேண்டும். ஐந்தாம் விதி: வனப்பகுதியில் தீ மூட்டக் கூடாது. ஆறாம் விதி: புதைக்க இயலாத உறைநிலத்தில், வசந்தம்வரை திறந்த வெளியில் உறையவிட்டு வைக்கலாம்.

பக்கத்து வீட்டு ஃபெதோத் சிரித்துவிட்டார். "அஞ்ஞூறு மீட்டரா? வீட்டுக்குப் பின்னாடி எண்பது மீட்டர்ல மலை செங்குத்தா நிக்குது. வடக்க ஆறு. தெக்க மேய்ச்சல். நாயைத் தூக்கிக்கிட்டு எங்க போறது, வானத்துக்கா?"

"மேற்குல போ" என்றார் இவர். "மேற்குல கிணறும் இல்ல, ஆறும் இல்ல."

மேற்கே இருப்பது ஏரி, அண்ணா. நீங்கள் நீச்சல் கற்ற ஏரி.

வலைக்கயிற்றை நீட்டி இரண்டு முறை அளந்தார். கடைசி வீட்டுச் சுவரிலிருந்து ஐந்நூற்று நான்கு மீட்டர். நாலு மீட்டர் எதற்கு என்று கேட்டேன். "மச்சான் வந்து அளந்தாருன்னா குறையக் கூடாதுல்ல" என்றார்.

நான்கு. அகற்றியவர் எர்மொலாய். அளந்தவர் எர்மொலாய். வாசித்தவள் நான். எழுதியவர் நீங்கள்.

இவர் சொல்லச் சொல்ல எழுதவில்லை. இவர் வீட்டில் இல்லை.

கபிதோலினா
கால்நடை மருத்துவ உதவியாளர்


இர்க்கூத்ஸ்க்
6 ஜூன் 1988

கபா,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. மூன்று பதில்கள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

முதல் பதிலில், அந்தச் சுற்றறிக்கை தெற்கேயுள்ள மேய்ச்சல் வெளிப் பண்ணைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்று விளக்கியிருந்தேன். அது உண்மை. இரண்டாவதில், நீர்நிலை என்ற சொல்லுக்குள் ஏரியும் அடங்கும் என்பது எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று வாதிட்டிருந்தேன். பிறகு நகலை எடுத்துப் பார்த்தேன். நீர்நிலை என்ற சொல் அதில் இல்லை. கிணறு என்றும் ஆறு என்றும் இருக்கிறது. இடத்தைச் சிக்கனப்படுத்த நானே வெட்டியது. மூன்றாவது பதில் எதைப் பற்றியது என்பது உனக்கு வேண்டாம்.

மலை எண்பது மீட்டரில் நிற்பது எனக்குத் தெரியும். அங்கே நம் வீட்டில்தான் பதினேழு வயதுவரை படுத்து எழுந்தேன். மேசையில் உட்கார்ந்து ஐந்நூறு என்று எழுதியபோது அந்த மலை என் நினைவுக்கு வரவில்லை. 

இயக்குநர் நேற்று அழைத்தார். அறிக்கை இம்மாதம் 25-ஆம் தேதி போக வேண்டுமாம். பொறுப்புப் பகுதிக்கான வாசகத்தை அவரே சொன்னார்: உள்ளூர் வேட்டைக்காரர்களின் அலட்சியம். "ரொம்ப யோசிக்காதீங்க, இன்னொகெந்தி. எல்லா அறிக்கையிலயும் இருக்கிற வரிதானே. அவங்க பனியில போட்டாங்களா இல்லியா? போட்டாங்க. அவ்வளவுதான்" என்றார். நான் இன்னும் கையெழுத்திடவில்லை.

உடனே செய்ய வேண்டியவை: பனி உடைந்துவிட்டதால் உடல்கள் கரை ஒதுங்கும். நாய், நெர்ப்பா இரண்டையும் கூழாங்கல் கரையிலேயே டீசல் ஊற்றி எரியுங்கள். வனத்துறை கேட்டால் நான் எழுத்தில் சொன்னதாகச் சொல். மீதமுள்ள ஏழு நாய்களுக்கும் தடுப்பூசி இந்த விமானத்தில் வருகிறது. தோலுக்கடியில், ஒரு மில்லி.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அதிகாரியாகக் கேட்கவில்லை. அங்கே நெர்ப்பாக்கள் மேலேறும் மூச்சுத்துளைகள் இருந்தது எர்மொலாய்க்குத் தெரியாதா?

இன்னொகெந்தி


கமென்னி
17 ஜூன் 1988

அண்ணா,

தடுப்பூசி போட்டாகிவிட்டது. ஏழும் நலம்.

ஐந்து நாட்களாக எல்லாப் படகுகளும் போயின. கரையில் ஒதுங்கியவை, நீரிலிருந்து இழுத்தவை எல்லாம் சேர்த்து நெர்ப்பா இருநூற்றுப் பதினேழு. நாய் முப்பத்தொன்று. மற்றப் பன்னிரண்டு கிடைக்கவில்லை. வாடை மாற்று உடையிலும் ஏறிவிட்டது. பெண்கள் மாவு பிசைவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். கையில் ஒட்டியிருக்குமோ என்ற பயம்.

நான்காம் நாள் செர்கா கிடைத்தது. உருத் தெரியவில்லை. கழுத்துப் பட்டையை வைத்துத்தான் தெரிந்தது. அது இவர் கையால் தைத்தது. பட்டையை அறுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மற்றதோடு சேர்த்து அதையும் தீயில் போட்டார்.

அன்று மத்தியானம் உங்கள் கேள்வியை இவரிடம் கேட்டேன். படகைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே பேசினார். அப்படியே எழுதுகிறேன்.

"தெரியாமலா? முப்பது வருஷமா அந்தப் பனிமேட்டு ஓரத்துலதானே சுட்டிருக்கேன். எத்தனை துளைன்னு கேளு, சொல்றேன். பதினாலு."

"அப்ப ஏன்யா அங்க போட்டே?"

"அஞ்ஞூறுன்னு எழுதியிருந்துச்சு."

"இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருக்கலாமே."

"போட்டிருக்கலாம். ஆனா அப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? பதினொண்ணுக்கு என் துப்பாக்கியப் புடுங்கினானே உங்கண்ணன், இந்தா, இப்ப அவன் எழுதினபடி அளந்து போட்டிருக்கேன், ஏதாவது கெட்டுப் போகட்டும், அப்ப வந்து கேக்கட்டும்னு நினைச்சேன். பெருசாக் கெடும்னு நினைக்கல. காக்கா வந்து இழுத்துப் போட்டு ஊரு நாறும், அவனுக்கு ஒரு புகார் போகும், அம்புட்டுத்தான் நினைச்சேன்."

படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மார்ச்சுல நெர்ப்பா ஏறி வந்த தடத்தை அங்க பாத்தேன். நாயோட மூஞ்சியில மூக்கை வச்சு மோந்த தடம். அப்பவாவது அள்ளியிருக்கணும். விதிப்படிதானே கிடக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

அண்ணா, எனக்கும் தெரியும். நான் அறிவியல் படிக்காதவள்; ஆனால் நோயில் செத்ததை உயிருள்ளது மோக்கும் இடத்தில் போடக் கூடாது என்று தெரியும். சுற்றறிக்கையை மடித்துக்கொண்டே இவர் முகத்தைப் பார்த்தேன். என்ன நினைக்கிறார் என்று புரிந்தது. உங்களுக்கு ஒரு தந்தி அடித்துக் கேட்டிருந்தால் ஒரே நாளில் வேறு இடம் சொல்லியிருப்பீர்கள். கேட்கவில்லை. உங்களிடம் ஒன்றைக் கேட்பதைவிட அது பரவாயில்லை என்று தோன்றியது.

அறிக்கையில் இவர் பெயரை எழுதச் சொல்கிறார். "எழுதட்டும். ஆனா ஊரோட பேரை எழுத வேண்டாம், என் பேரை மட்டும்" என்கிறார். என் பெயரையும் எழுதுங்கள். குழுவை மட்டும் விட்டுவிடுங்கள். பத்தொன்பது வீட்டில் பதினெட்டுக்கு நம் சண்டை எதைப் பற்றியதென்றே தெரியாது.

கபா


இர்க்கூத்ஸ்க்
11 ஜூலை 1988

கபா,

அறிக்கையை ஜூன் 25-ஆம் தேதி கொடுத்தேன். பொறுப்புப் பகுதியில் ஒரே வாக்கியம் எழுதினேன்: உடல்கள் சுற்றறிக்கை எண் 18-க்கு முழுமையாக இணங்கவே அகற்றப்பட்டன, அச்சுற்றறிக்கையை வரைந்து கையெழுத்திட்டவன் இவ்வறிக்கையை எழுதுபவனே. நகலைப் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். எர்மொலாய் உன்னிடம் சொன்னதை எழுதவில்லை. அது உன் கடிதத்தில் இருக்கிறது. கடிதம் என் வீட்டில் இருக்கிறது. ஒரு தகவலை நான் தெரிந்தே விட்டது இதுவே முதல் முறை.

முடிவு சென்ற வாரம் வந்தது. நீ வேறொருவர் வாயால் கேட்பதற்கு முன் எழுதிவிடுகிறேன். மேலே போன பிரதியில் என் பின்னிணைப்பு இணைக்கப்படவில்லை. கமென்னி விரிகுடாவில் நெர்ப்பா வேட்டைக்கு மூன்று ஆண்டுத் தடை. வேட்டைக் குழு கலைக்கப்படுகிறது. குடும்பங்களுக்கு மரம் அறுக்கும் குடியிருப்பில் இடம் ஒதுக்கப்படும். காரணம் என்ற கட்டத்தில் நோய் என்று மட்டும் இருக்கிறது. எவர் பெயரும் இல்லை. உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. நான் என் பெயரை எழுதியும் ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இதேதான் ஆகியிருக்கும்.

தடை சரியானதே என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். எஞ்சியிருப்பவற்றைச் சுடக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டால் உனக்கு இன்னும் நல்ல அண்ணனாக இருப்பேன். ஆனால் பொய்யனாக இருப்பேன்.

சுற்றறிக்கைகளில் கையெழுத்திடும் அதிகாரம் இனி எனக்கு இல்லை. வரையும் வேலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். எண் 18-க்கு மாற்றாகப் புதியதொன்று வரைந்திருக்கிறேன், நகல் இத்துடன். எந்த நீரின் மீதும், உறைந்ததாயினும், உடல்களை வைக்கக் கூடாது என்பது இரண்டாம் விதி. மண்ணைத் தீயால் இளக்கி இரண்டு மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும் என்பது மூன்றாவது. ஐந்தாவது பழையதேதான், அது வனத்துறையுடையது, நான் தொட முடியாது.

இது மேலே போவதற்கு முன் எர்மொலாய்க்கு வாசித்துக் காட்டு. ஒரு கமாகூட விடாமல். வாசித்துவிட்டு ஒன்று கேள்: இதில் எந்த வரியை அப்படியே கடைப்பிடித்தால் ஏரியை மறுபடி கெடுக்க முடியும்? அதை அவரைவிட நன்றாகக் கண்டுபிடிக்கக்கூடியவர் எவரையும் எனக்குத் தெரியவில்லை. பரிகாசமாக எழுதவில்லை.

உன் அண்ணன்
கேஷா


கமென்னி
26 ஜூலை 1988

அண்ணா,

ஆறு குடும்பங்கள் போய்விட்டன. ஃபெதோத் நேற்றுப் போனார். படகைக் கொண்டுபோக விடவில்லை. அது குழுவின் சொத்தாம். துடுப்பை மட்டும் தோளில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். "அங்க எதுக்குய்யா துடுப்பு?" என்று இவர் கேட்டார். "கஞ்சி கிண்டுறதுக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

விரிகுடாவில் இந்த மாதம் ஒரு தலைகூட மேலே தெரியவில்லை. தினமும் ஒரு மணி நேரம் பார்த்து, நீங்கள் கேட்பீர்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தாறு நாளுக்கும் பூஜ்யம்.

கேஷா என்று வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டிருந்ததைப் பார்த்தேன். உங்கள் வரைவை வாசித்தேன். இவர் வாசற்படியில் உட்கார்ந்து செர்காவின் கழுத்துப் பட்டையை விரலில் சுற்றியபடி கேட்டார். இரண்டாம் விதிக்குத் தலையாட்டினார். முடித்ததும் மூன்றாவதை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு ஐந்தாவதை.

"மூணுல தீ மூட்டி மண்ணை இளக்குங்கிறாரு. அஞ்சுல தீ மூட்டாதங்கிறாரு. மலைக்கு இந்தப் பக்கம் மரமில்லாத மண்ணு ஒரு முழம் உண்டா? அப்ப அடுத்த தடவை நாய் செத்தா, எவனா இருந்தாலும் ரெண்டையும் பாத்துப் பயந்துபோய், ராத்திரியோட ராத்திரியா ஏரியிலதான் தள்ளுவான். இது ஒண்ணுதான் ஓட்டை. மத்ததெல்லாம் நல்லா எழுதியிருக்காரு."

இதையே எழுதவா என்று கேட்டேன்.

"எழுது. எழுதிட்டு, பிப்ரவரியில ஒரு தடவை நேர்ல வரச் சொல்லு. நானும் அவரும் அந்த மலையடியில ரெண்டு மீட்டர் தோண்டிப் பாப்போம். அதுக்கப்புறம் என்ன வேணாலும் எழுதிக்கட்டும்."

பிப்ரவரிவரை நாங்கள் இங்கேதான் இருப்போம். அதற்குமேல் விட மாட்டார்கள்.

வரும்போது கடப்பாரை ஒன்று கொண்டுவாருங்கள். எங்களுடையது உடைந்தது உங்களுக்குத் தெரியும்.

கபா